பிள்ளைகள், குடும்பங்கள் மத்தியில் கிறிஸ்தவ ஊழியம்: தொழில்நெறியை வேலையில் இறக்கும் முறை – முழுமையான வழிகாட்டி

சபையிலோ, விடுதியிலோ, குடும்ப ஆலோசனை மையத்திலோ பிள்ளைகளோடும் பெற்றோரோடும் வேலை தொடங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். புதிதாக வருகிறவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவே இருக்காது. பாடல், பாடம், ஜெபக்குறிப்பு எல்லாம் தயாராக இருக்கும். ஒரு பிள்ளை அருகில் வந்து “யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்று பேச்சை எடுத்தால் அடுத்து என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அந்த நிமிடத்தில் யோசித்து முடிவெடுக்க முடியாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பிள்ளைகள் வருவதற்கு முன்பே 1 முதல் 5 வரை முடிந்திருக்க வேண்டும்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் நாட்டுச் சட்டம். துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் யார் புகார் செய்தாக வேண்டும், யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள் என்று படித்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். சில நாடுகளில் இந்தக் கடமை எல்லாப் பெரியவர்களுக்கும் உண்டு. சிலவற்றில் குறிப்பிட்ட தொழில் செய்பவர்களுக்கு மட்டும். அந்தப் பக்கத்திலேயே காவல்துறை, பிள்ளைகள் உதவி எண், அருகிலுள்ள மருத்துவமனை ஆகியவற்றின் தொலைபேசி எண்களும் இருக்கட்டும்.

அடுத்து, பிள்ளைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் 2 பேர். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலோ, அவர் மேலேயே புகார் வந்தாலோ மற்றவரிடம் போக வழி வேண்டும். இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. போதகரோ அவருடைய உறவினரோ இந்தப் பொறுப்பில் இல்லாமல் இருப்பது நல்லது. அவரைக் குறித்தே ஒரு பிள்ளை பேச நேர்ந்தால் பாதை அடைபட்டுவிடும்.

பூட்டு உள்ள அலமாரி, வருகைப் பதிவேடு, பெற்றோர் ஒப்புதல் படிவம், சம்பவப் பதிவுத் தாள் ஆகியவையும் வேண்டும். இவையெல்லாம் செயற்குழுத் தீர்மானத்தில் ஏறிக் கையெழுத்தாக வேண்டும். வாய்மொழி ஏற்பாடு, அதைச் செய்தவர் மாறிப் போனதும் காணாமல் போய்விடும்.

2. உங்கள் பொறுப்பின் எல்லையை எழுதுங்கள்

ஒரே ஆள் ஞாயிறு பள்ளி ஆசிரியர், வீடு சந்திப்பவர், ஆலோசகர், குடும்ப நண்பர் என நான்கு வேடத்தில் இருப்பது சபைகளில் சாதாரணம். குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. நண்பராகக் கேட்டதை ஆலோசகராகப் பதிவு செய்வதா, ஆசிரியராகப் பார்த்ததை மூப்பரிடம் சொல்வதா என்று தடுமாறுவார்கள்.

ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம் போதும்: நான் செய்வது, செய்யாதது, என்னால் முடியாததை யாரிடம் ஒப்படைப்பேன். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். மனநல மருத்துவர், சட்ட உதவி, குடிநோய் சிகிச்சை ஆகியவற்றுக்கு அனுப்ப வேண்டிய இடம் தெரியாதவர், எல்லாவற்றையும் ஜெபத்தாலும் அறிவுரையாலும் சமாளிக்கப் பார்ப்பார். தகுதியுள்ளவரிடம் அனுப்புவது விசுவாசக் குறைவு என்ற எண்ணம் குழுவில் இருந்தால், அதை இந்தக் கட்டத்திலேயே பேசிவிடுங்கள்.

3. மதிப்புகளைச் செயல்களாக எழுதுங்கள்

“அன்பு, நேர்மை, மரியாதை” என்று சுவரில் மாட்டினால் யாரும் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: தொழில்நெறி, அதற்கு நம் விசுவாசத்தில் உள்ள அடிப்படை, இந்த வாரம் அது எப்படித் தெரியும். மூன்றாவது கட்டத்தில் வருவது, பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் கண்ணால் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் திரும்ப எழுதுங்கள்.

தொடங்க நல்ல இடம், சமூகப் பணியில் இன்றும் கற்பிக்கப்படும் 7 கொள்கைகள். 1957-ல் அவற்றை வகுத்த ஃபீலிக்ஸ் பீஸ்டெக் ஓர் இயேசு சபைக் குரு. ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்ப்பது, உணர்வுகளை வெளிப்படுத்த இடம் தருவது, நம் உணர்ச்சியைக் கட்டுக்குள் வைத்து ஈடுபடுவது, ஏற்றுக்கொள்வது, தீர்ப்புச் சொல்லாதிருப்பது, அவர்கள் முடிவை அவர்களே எடுக்க விடுவது, இரகசியம் காப்பது. தொழில்நெறியும் விசுவாசமும் எதிரெதிர் முகாம்கள் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பட்டியலே போதுமான பதில்.

கட்டங்களை நிரப்பும் விதத்துக்கு மூன்று மாதிரிகள்:

மனித மாண்பு – ஆதியாகமம் 1:27 – எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லியே கூப்பிடுவோம். “அந்தக் குடிகாரர் வீட்டுப் பையன்” என்று ஊழியர் கூட்டத்திலும் சொல்ல மாட்டோம்.

தன் முடிவு தனக்கு – மாற்கு 10:51 – குருடனான பர்திமேயுவுக்குப் பார்வை வேண்டும் என்பது பார்த்தாலே தெரியும். ஆனாலும் இயேசு என்ன வேண்டும் என்று கேட்டார். குடும்பச் சந்திப்பின் முதல் கேள்வியாக அதையே நாமும் கேட்போம். திட்டத்தோடு போக மாட்டோம்.

உண்மை – மத்தேயு 5:37 – காப்பாற்ற முடியாத வாக்குறுதியைப் பிள்ளையிடம் கொடுக்க மாட்டோம்.

அதிகம் இடறும் கட்டம் “ஏற்றுக்கொள்வது”. சபை சரியென்று கருதாத வாழ்க்கைமுறை உள்ள குடும்பம் வரும்போது, உதவினால் ஆமோதித்ததாகிவிடுமோ என்று ஊழியர் திணறுவார். பீஸ்டெக்கின் கொள்கையில் ஏற்றுக்கொள்வது வேறு, ஆமோதிப்பது வேறு. பெற்றோரின் வாழ்க்கையைப் பற்றி உங்கள் கருத்து எதுவானாலும், பிள்ளைக்குக் கிடைக்கும் நேரமும் கவனமும் உதவியும் குறையக் கூடாது. அது தன்னால் முடியாது என்று ஓர் ஊழியருக்குத் தோன்றினால், முதல் சந்திப்புக்கு முன்பே பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். பாதியில் விலகினால், தன்னால்தான் போய்விட்டார் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

4. தவறாகக் கையாளப்படும் வசனங்களை முதலிலேயே பேசுங்கள்

இந்தப் படியை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். நெருக்கடி வரும்போது கையேட்டை யாரும் திறப்பதில்லை. நாவில் நிற்கும் வசனம்தான் முன்னால் வருகிறது. ஆகையால் அந்த வசனங்களை வேதாகமத்தைத் திறந்துவைத்துக் குழுவாக ஒரு மாலை படியுங்கள். குறைந்தது இந்த ஐந்தை:

மத்தேயு 18:15. குற்றஞ்செய்தவனிடம் தனியாகப் போய் உணர்த்து என்பது, ஒருவர் சொல்லை ஒருவர் மறுக்கக் கூடிய இரண்டு சகோதரருக்கு. இதைப் பிடித்துக்கொண்டு, துன்புறுத்தியவரின் முன்னால் பிள்ளையை உட்காரவைத்து “பேசித் தீர்க்க” வைப்பார்கள். அதே அதிகாரத்தில் 15-ஆம் வசனத்துக்கு வருவதற்கு முன் 6-ஆம் வசனத்தைக் கடந்துதான் வர வேண்டும்: சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்கிறது அது.

1 கொரிந்தியர் 6. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதை பவுல் கண்டிக்கிறார். நஷ்டத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்று அங்கே அவர் கேட்பது அநியாயமடைந்த பெரியவர்களிடம். பிள்ளைக்கு இழைத்த குற்றத்தைச் சபைக்குள் மூடிவைக்க அது அனுமதி தரவில்லை. தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரத்தைப் பற்றி ரோமர் 13 சொல்வதையும் சேர்த்து வாசியுங்கள்.

நீதிமொழிகள் 13:24. பிரம்பு வசனம். வீட்டில் அடிப்பதைப் பற்றிக் குழுவில் கருத்து வேறுபாடு இருக்கலாம். நம் நிகழ்ச்சியில் கை ஓங்குவது இல்லை என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்கிற எபேசியர் 6:4 பெற்றோருக்கே எல்லை போடுகிறது. ஊழியருக்கு அந்த அளவு உரிமைகூட இல்லை.

மல்கியா 2:16. வீட்டில் அடிபடும் தாயிடம் “தள்ளிவிடுதலைக் கர்த்தர் வெறுக்கிறார்” என்று பாதி வசனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புவது நடக்கிறது. மீதிப் பாதி கொடுமையைக் கண்டிக்கிறது. அவளோடு பிள்ளைகளும் அந்த வீட்டுக்குள்தான் திரும்பிப் போகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஐந்தாவது, ஏலியின் கதை. 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரத்தில் ஆசாரியனான ஏலி, ஆசாரியப் பொறுப்பில் இருந்துகொண்டே தீமை செய்த தன் குமாரரைக் கண்டித்துப் பேசுகிறான். 3:13-ல் அவன்மேல் வரும் குற்றச்சாட்டு, அறிந்திருந்தும் அவர்களை அடக்கவில்லை என்பது. கூப்பிட்டுப் புத்தி சொன்னோம், ஆனால் பொறுப்பில் இருந்து எடுக்கவில்லை என்கிற நிர்வாகங்கள் இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

5. ஊழியரைத் தேர்ந்தெடுங்கள்

“அவருக்குப் பிள்ளைகள் மேல் பாரம் இருக்கு” என்பது தகுதிச் சான்று ஆகாது. எழுத்து விண்ணப்பம், நேர்காணல், உறவினர் அல்லாத 2 பேரின் பரிந்துரை, காவல்துறைச் சரிபார்ப்பு கிடைக்கும் நாடுகளில் அதுவும் வேண்டும். பரிந்துரைப்பவர்களில் ஒருவராவது சபைக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். தாளை வாங்கி வைப்பதோடு நிற்காமல் அவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். எழுதத் தயங்கியதைச் சிலர் பேச்சில் சொல்வார்கள்.

காவல்துறைச் சரிபார்ப்பை மட்டும் நம்பாதீர்கள். ஏற்கெனவே பிடிபட்டவரை மட்டுமே அது காட்டும். அதனால்தான் முதல் 6 மாதம் புதியவருக்குத் தனிப் பொறுப்பு கொடுக்கக் கூடாது. சபையில் பல வருடம் பழகியவருக்கும் மூப்பரின் மகனுக்கும் இதே நடைமுறைதான். ஒரே ஒருவருக்கு விலக்கு கொடுத்தால், அடுத்தவரிடம் படிவத்தை நீட்டும்போதே அது அவமானமாகத் தோன்றத் தொடங்கும்.

6. பெற்றோரின் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம்

படிவத்தில் நிகழ்ச்சியின் பெயரோடு, அங்கே வேதாகமம் கற்பிக்கப்படும், ஜெபம் உண்டு என்பதும் வெளிப்படையாக இருக்க வேண்டும். “கோடை விளையாட்டு முகாம்” என்று அழைத்துவிட்டுச் சுவிசேஷக் கூட்டம் நடத்துவது பெற்றோரை ஏமாற்றுவது. ஒவ்வாமை, மருந்து, அவசரத் தொடர்பு எண், பிள்ளையை அழைத்துப் போக அனுமதி பெற்றவர்களின் பெயர் ஆகியவையும் இதில்தான் வரும்.

புகைப்படத்துக்குத் தனிக் கையெழுத்து. முகம், முழுப்பெயர், இடம் ஆகிய மூன்றும் ஒரே பதிவில் சேரவே கூடாது. நன்கொடை கேட்பதற்காகப் பிள்ளையின் குடும்பத் துயரத்தைச் “சாட்சி”யாக வெளியிடாதீர்கள். வளர்ந்தபின் அதை அழிக்க அந்தப் பிள்ளையால் முடியாது.

1989-ஆம் ஆண்டின் ஐ.நா. பிள்ளைகள் உரிமை உடன்படிக்கை, 12-ஆம் பிரிவில் பிள்ளை தன் கருத்தைச் சொல்லும் உரிமையையும், 14-ஆம் பிரிவில் மனச்சாட்சி, மத சுதந்திரத்தையும், வளர்ச்சிக்கு ஏற்ப வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் சேர்த்துச் சொல்கிறது. நடைமுறையில் இதன் பொருள் மூன்று: இயேசுவை ஏற்றுக்கொள்ளும்படி அர்ப்பணிப்பு அழைப்பு கொடுத்து நண்பர்கள் முன்னால் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். சின்னப் பிள்ளைகளிடம் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். “வீட்டில் சொல்லாதே” என்ற சொல் ஊழியர் வாயில் எந்தக் காரணத்துக்கும் வரக் கூடாது, ஏனென்றால் துன்புறுத்துகிறவன் பயன்படுத்துவதும் அதே வாக்கியம்தான்.

7. இடம், எண்ணிக்கை, தொடுதல்

எப்போதும் குறைந்தது 2 பெரியவர்கள். அதற்கு மேல், பிரிட்டனின் பிள்ளைப் பாதுகாப்புத் தொண்டு அமைப்பான என்எஸ்பிசிசி பரிந்துரைக்கும் அளவு பயன்படும்: 2 வயது வரை 3 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 2–3 வயதில் 4 பேருக்கு, 4–8 வயதில் 6 பேருக்கு, 9–12 வயதில் 8 பேருக்கு, 13–18 வயதில் 10 பேருக்கு. உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் சட்டமே அளவு. ஆள் போதவில்லையா, வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்து நடத்துங்கள் அல்லது அன்றைக்கு ரத்து செய்யுங்கள்.

தனியாகப் பேச வேண்டியிருந்தால் கதவு திறந்திருக்கும் அறையில், மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி, காதுக்குக் கேட்காதபடி உட்காருங்கள். தலையில் கை வைத்து ஜெபிக்கும் முன் கேளுங்கள்; தலையசைப்பு வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டே ஜெபிக்கலாம். வாட்ஸ்அப்பில் பிள்ளைக்குத் தனிச் செய்தி வேண்டாம். பெற்றோரும் இன்னொரு ஊழியரும் உள்ள குழுவில் மட்டும் அனுப்புங்கள்.

8. பிள்ளை ஒன்றைச் சொல்ல வரும்போது

இதை நடித்துப் பழகுங்கள். வாசித்தால் மட்டும் கைவராது.

முதல் வாக்கியம்: “நீ சொல்றதைக் கேக்கறேன். உன்னைப் பாதுகாக்கணும்னா ஒருத்தர்கிட்ட நான் சொல்ல வேண்டியிருக்கும்.” இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு சொன்னால், பிள்ளை இன்னொரு பெரியவரிடம் ஏமாந்ததாகும், அடுத்த தடவை வாய் திறக்காது. சிலர் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். வற்புறுத்தாதீர்கள், நிறுத்தியதையே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

அதன்பின் கேளுங்கள். “என்ன நடந்தது, சொல்லு”, “அப்புறம்?” போன்ற திறந்த கேள்விகள் போதும். “மாமா உன்னைத் தொட்டாரா?” என்று நீங்களே பதிலை ஊட்டினால், பிற்பாடு விசாரணையில் பிள்ளையின் சொல் பலவீனப்படும். விவரம் முழுவதையும் தோண்டுவது உங்கள் வேலையே இல்லை. உடனடிப் பாதுகாப்புக்கு வேண்டியது தெரிந்தவுடன் கேள்விகளை நிறுத்துங்கள்.

முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். “நீ சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை” என்று சொல்லுங்கள். மன்னிப்பைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் வேண்டாம். மன்னிக்கச் சொன்னால், புகார் சொன்னதே பாவமாகிவிட்டதாகப் பிள்ளைக்குக் கேட்கும். பிள்ளை தானாக ஜெபிக்கக் கேட்டால் இரண்டு வரியில் ஜெபியுங்கள். நடந்ததை ஜெபத்தில் விவரிக்காதீர்கள்.

பிறகு வரிசையாக: பிள்ளை இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆபத்து என்றால் உடனே காவல்துறை. அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, பிள்ளை பயன்படுத்திய சொற்களையே எழுதுங்கள். கொச்சையாக இருந்தாலும் திருத்தாதீர்கள். தேதி, நேரம், இடம், உடனிருந்தவர், உங்கள் கையெழுத்து. பொறுப்பாளரிடம் நேரில் கொடுங்கள். சட்டப்படியான புகார்க் கடமை உங்களுக்கு இருந்தால், பொறுப்பாளரிடம் சொன்னதோடு அது தீர்ந்துவிடாது.

குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். அவருக்கு முன்னெச்சரிக்கை கிடைக்கும், சாட்சியம் அழியும், பிள்ளைமேல் அழுத்தம் ஏறும். குற்றம் வீட்டுக்குள் என்று தோன்றினால் பெற்றோரிடம் எப்போது சொல்வது என்பதையும் அதிகாரிகளிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

9. வீட்டுச் சந்திப்பு, ஜெபம், பண உதவி

முன்கூட்டியே அழைத்து, எதற்காக வருகிறோம் என்று சொல்லி, சம்மதம் கிடைத்தபின் 2 பேராகப் போங்கள். சொல்லாமல் போய் நின்றால் மரியாதைக்காகக் கதவைத் திறப்பார்கள். அதைச் சம்மதமாக எண்ணக் கூடாது.

ஜெபம் எப்போது? அவர்கள் பேச வந்ததைப் பேசி முடித்தபின், “ஜெபிக்கலாமா, வேண்டாமா, ரெண்டும் எங்களுக்குச் சரிதான்” என்று கேட்டு. பேச்சு கடினமாகும்போது ஜெபத்துக்குத் தாவுவது புதியவர்களிடம் அடிக்கடி தெரிகிறது. அது அந்தக் குடும்பத்தின் வாயை மரியாதையாக மூடுகிறது.

கல்விக் கட்டணம், மருந்து, மளிகை போன்ற உதவியை முடிவு செய்கிறவரும், ஆராதனை வருகையைக் கவனிக்கிறவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். யாருமே நிபந்தனை போடாவிட்டாலும், இரண்டும் ஒரே கையில் இருந்தால் குடும்பமே நிபந்தனை இருப்பதாக எடுத்துக்கொள்ளும். பிறகு அவர்கள் சொல்லும் “ஆமென்” எதற்காகச் சொன்னது என்று உங்களுக்கே தெரியாது. உதவிக்கான தகுதியை எழுத்தில் வையுங்கள்; அதில் சபை உறுப்பினர் என்பது இடம்பெற வேண்டாம்.

10. பதிவும் இரகசியமும்

பார்த்தது, கேட்டது, நினைத்தது மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். “தாய் அலட்சியமானவர்” என்பது தீர்ப்பு. “பிள்ளை 3 வாரமாக அதே காயத்துணியோடு வந்தான்” என்பது பதிவு. கணினியில் ஏற்றினாலும் கையால் எழுதிய மூலத்தைக் கிழிக்காதீர்கள்.

சபைகளில் இரகசியம் கசியும் பெரிய ஓட்டை ஜெபக்குறிப்புதான். “ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்போம், பெயர் வேண்டாம்” என்று தொடங்கி, தெரு, வேலை, பிள்ளைகளின் எண்ணிக்கை என்று சொல்லிக்கொண்டே போனால் கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். குடும்பத்தின் அனுமதி இல்லாமல் எந்த வடிவத்திலும் ஜெபக்குறிப்பாக வைக்காதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் ஒப்புரவு அருட்சாதனத்தின் (பாவ அறிக்கையின்) இரகசியம் குருவைக் கட்டுப்படுத்துவது. மறைக்கல்வி ஆசிரியரோ இளைஞர் வழிகாட்டியோ அந்த இரகசியக் கடமை தங்களுக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

11. புகார் நம் ஊழியர் மேலேயே வந்தால்

அன்றைக்கே அவரைப் பிள்ளைகள் பணியில் இருந்து நிறுத்திவையுங்கள். இது தண்டனை அல்ல என்று அவரிடமும் சொல்லுங்கள், நிர்வாகக் குறிப்பிலும் எழுதுங்கள். விசாரணையை வெளி அதிகாரிகளிடம் விடுங்கள். உறவினரோ நெருங்கிய நண்பரோ நிர்வாகத்தில் இருந்தால், இந்தப் பொருள் வரும்போது அவர் வெளியே போக வேண்டும். போனார் என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும்.

குற்றம் உறுதியானபின் “மனந்திரும்பிட்டார், மன்னிச்சு மறுபடி எடுத்துக்குவோம்” என்ற குரல் வரும். மன்னிப்பதற்கும் பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கும் சம்பந்தம் இல்லை. மன்னிப்பு பெற்றவர் ஆராதனைக்கு வரலாம், அதுவும் எழுதப்பட்ட நிபந்தனைகளோடு, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பாதுகாப்பை முதலில் வைத்து. பிள்ளைகள் பணிக்கு எத்தனை வருடம் கழித்தும் திரும்ப வரக் கூடாது. வேறு சபைக்குப் போகிறார் என்றால் வாழ்த்துக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பிரச்சினையை இன்னோர் ஊர்ப் பிள்ளைகளிடம் அனுப்புகிறீர்கள்.

12. மேற்பார்வையும் மறுபார்வையும்

ஒவ்வோர் ஊழியருக்கும் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம், அனுபவமுள்ள ஒருவரோடு. மூன்று கேள்விகள்: எந்தக் குடும்பம் மனதை அரிக்கிறது, எங்கே எல்லை தாண்டினாய், எதை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். வேலை நிலவரத்தைக் கேட்பதற்கு வேறு கூட்டம் வையுங்கள். இரண்டையும் கலந்தால் வருகை எண்ணிக்கையிலேயே நேரம் போய்விடும். எல்லாப் பாரத்தையும் தானே சுமந்துகொண்டு விடுமுறை எடுக்காதவரைப் பாராட்டாதீர்கள். அவருக்கு ஓய்வு கட்டாயமாகட்டும், ஏனெனில் களைத்தவர்தான் விதியை முதலில் தளர்த்துகிறார்.

வருடம் ஒருமுறை கையேட்டைப் புதுப்பியுங்கள்: தொலைபேசி எண்கள் வேலை செய்கின்றனவா, சட்டம் மாறியதா, பொறுப்பாளர் இருவரும் இன்னும் இருக்கிறார்களா. 8-ஆம் படியை அந்த நாளிலேயே மறுபடி நடித்துப் பாருங்கள். பெரிய பிள்ளைகள் சிலரைக் கூப்பிட்டு, ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் பெயரை அவர்கள் சொல்லாமல் வேறு ஒருவரின் பெயரைச் சொன்னால், அந்த ஒருவருக்கும் உடனே பயிற்சி கொடுங்கள்.